போட்டோட கால் மேல ஏறலையா? ஸ்டெர்ன் ட்ரைவ் டில்ட்டுல கரன்ட் கோளாறை அறிகுறி வெச்சு கண்டுபிடிக்கிற வழி

வேலூர்ல உக்காந்துகிட்டு போட்டு ரிப்பேர் எழுதுறானேன்னு சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க. தண்ணி இல்லாத ஆறுன்னு எங்க ஊரை கிண்டல் பண்றதுக்குன்னே ஒரு பழைய சொலவடை இருக்கு, 2021 நவம்பர்ல பாலாறு கரைபுரண்டு ஓடினப்ப தவிர மத்த நேரம் அந்த கிண்டலுக்கு பதில் சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் கிடையாது. நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன், காட்பாடி ரோட்டுல கடை, செல்ஃப் மோட்டார், டைனமோ, டிராக்டர் ஒயரிங் இதான் பொழப்பு. போட்டு என்கிட்ட வந்ததுக்கு காரணம் என் மச்சான். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் எஃப்ஆர்பி (ஃபைபர்) டேங்க் போடுற ஷெட் வெச்சிருக்கான், ஈசிஆர் பக்கம் ஓடிட்டிருந்த ஒரு ஃபைபர் போட்டு அடிப்பக்கம் விரிசல் விட்டு டிரெய்லர்ல ஏறி அவன்கிட்ட வந்துச்சு. அவன் ஒட்டி பூசி பாலிஷ் போட்டு முடிச்சுட்டான், திருப்பி அனுப்பணும், ஆனா பின்னாடி தொங்குற ட்ரைவ் மேல ஏற மாட்டேங்குது. அதோட அடி முனை தரையிலேர்ந்து ஒரு ஜாண் தான் இருக்கு, முதல் ஸ்பீட் பிரேக்கர்லயே அலுமினியம் ஒடைஞ்சு கைல வந்துரும். "மாமா, செல்ஃப் மோட்டார் மாதிரி தான் இருக்குது, வந்து பாத்துட்டு போயேன்"னான். அரை நாள் வேலைன்னு போனேன், மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாள்ல ரெண்டு நாள் வீணானது என் தப்பால, அதையும் கீழ சொல்றேன்.

முதல்ல சாமான் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும். இஞ்சின் போட்டுக்குள்ள இருக்கும், ப்ரொப்பெல்லர் இருக்கிற காலு பின்சுவத்துக்கு வெளிய தொங்கும், இதுக்கு பேரு தான் ஸ்டெர்ன் ட்ரைவ், அந்த காலை தூக்குறது தான் டில்ட். அந்த காலை மேல கீழ ஆட்டுறது ரெண்டு ஹைட்ராலிக் சிலிண்டர், அதுக்கு ஆயில் தள்ளுறது ஒரு சின்ன பம்ப், பம்பை சுத்துறது 12 வோல்ட் மோட்டார். மெர்க்ரூசர் மாதிரி வகையில மோட்டாருக்கு பக்கத்துல ரெண்டு சொலினாய்டு (பட்டன்லேர்ந்து வர்ற சின்ன கரன்ட்ல உள்ள காயில் இழுத்து, மோட்டாருக்கு பெரிய கரன்ட்டை சேத்து விடுற சுவிட்ச்) இருக்கும், ஒண்ணு மேல தூக்க, ஒண்ணு கீழ எறக்க. பேட்டரியிலேர்ந்து தடி ஒயர் ஒரு 110 ஆம்ப் ஃபியூஸ் வழியா ரெண்டு சொலினாய்டுக்கும் வருது, அதுலேர்ந்தே ஒரு சின்ன ஒயர் 20 ஆம்ப் ஃபியூஸ் வழியா முன்னாடி பட்டனுக்கு போகுது. பட்டன்லேர்ந்து திரும்பி வர்றதுல நீலம்-வெள்ளை மேல, பச்சை-வெள்ளை கீழ. மோட்டாருக்கு மூணு ஒயர், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, கறுப்பு எர்த். அவ்ளோதான், டிராக்டர் செல்ஃப் ஒயரிங் தெரிஞ்சவனுக்கு இதுல புதுசு ஒண்ணும் இல்ல. பழைய வோல்வோ பென்டா, ஓஎம்சி சிலதுல ஆயிலே கிடையாது, மோட்டார் பல்சக்கரம் வெச்சு நேரா தூக்கும், அதுல மெக்கானிக்கல் பாகம் வேற, கரன்ட் பக்கம் சோதிக்கிற முறை கிட்டத்தட்ட இதே தான்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் புதுசு, அதுல தான் நான் மாட்டினேன். வண்டிக்கு பாடி எர்த் உண்டு, எங்க வேணா இரும்பை சொரண்டி கிளிப்பை மாட்டலாம். ஃபைபர் போட்டுக்கு பாடியே எர்த் கிடையாது. ஒவ்வொரு சாமானுக்கும் தனியா கறுப்பு ஒயர் ஓடி பேட்டரி நெகடிவுக்கு திரும்பணும். இதை மறந்துட்டு டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பக்கத்துல இருந்த ஏதோ ஒரு போல்ட்டுல மாட்டி "சப்ளையே இல்ல"ன்னு அரை மணி நேரம் ஒயரை உருவிகிட்டு இருந்தேன். கூட இருந்த பையன் தான் கேட்டான், "இன்னாண்ணா, அந்த போல்ட்டு ஃபைபர்ல தான கீது, அதுல எப்டி எர்த் வரும்"னு. நியாயமான கேள்வி.

வேலைக்கு முன்னாடி ரெண்டு ஜாக்கிரதை. பெட்ரோல் இஞ்சினா இருந்தா மூடியை தொறந்து, புளோயரை குறைஞ்சது 4 நிமிஷம் ஓட விட்டுட்டு தான் கைய வைக்கணும், பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், அடியில தேங்கி நிக்கும், நீங்க ஜம்பர் (ரெண்டு முனையை நேரா சேக்குற ஒயர்) போடுறப்ப வர்ற ஒரு பொறி போதும். ரெண்டாவது, காலுக்கு அடியில யாரும் உக்காரக்கூடாது, அது திடீர்னு எறங்கினா கை விரல் போயிரும். சாமான்னு பெருசா எதுவும் வேணாம், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், தடி ஜம்பர் ஒயர் ஒண்ணு, சின்ன ஜம்பர் ஒண்ணு, உப்புத்தாள். அப்புறம் பேட்டரி. மோட்டார் வாங்குற கரன்ட்டுக்கு பேட்டரி படுத்திருந்தா மத்த எந்த சோதனையும் பொய் சொல்லும், சும்மா இருக்கும்போது 12.6 காட்டணும், 12 கிட்ட இருந்தா முதல்ல சார்ஜ் போடுங்க.

பட்டனை அமுக்கினா ஒண்ணுமே இல்ல, டக் சத்தம் கூட இல்ல

ரெண்டு பக்கமும் இல்லைன்னா ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற இடத்துல தான் தேடணும், சொலினாய்டுல ஆரம்பிக்காதீங்க, ரெண்டு சொலினாய்டும் ஒரே நாள்ல சாகாது. மெயின் சுவிட்ச் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, இதுவே நெறைய தடவை. அடுத்து 20 ஆம்ப் ஃபியூஸ், கண்ணால பாத்தா நல்லா இருக்கிற மாதிரி இருக்கும், அது உக்கார்ற ஹோல்டருக்குள்ள பச்சை களிம்பு பூத்திருக்கும், அதனால ஃபியூஸோட ரெண்டு பக்கமும் லேம்ப் வெச்சு பாக்கணும். அங்க சப்ளை இருந்து பட்டன் கிட்ட இல்லைன்னா நடுவுல இருக்கிற பெரிய கனெக்டர், இருந்தும் பட்டனை அமுக்கும்போது அந்த பக்கம் வரலைன்னா பட்டன். கியர் கைப்பிடியில இருக்கிற பட்டனா இருந்தா ஒயர் கைப்பிடி ஆடுற இடத்துல உள்ளுக்குள்ளயே அறுந்திருக்கும், வெளிய தோல் நல்லா இருக்கும்.

குறுக்கு வழி ஒண்ணு. பம்ப் கிட்ட போய், தடி ஒயர் வர்ற முனையிலேர்ந்து சின்ன ஜம்பரை எடுத்து சொலினாய்டோட நீலம்-வெள்ளை ஒயர் முனையில தொடுங்க. மோட்டார் ஓடினா பம்ப் பக்கம் எல்லாம் சரி, கோளாறு முன்பக்கம். அப்பவும் டக் வரலைன்னா சொலினாய்டோட சின்ன எர்த் ஒயரை பாருங்க, அது ஒரே கறுப்பு கட்டுல ரெண்டு சொலினாய்டுக்கும் சேந்து போகும்.

டக்குனு சத்தம் வருது, மோட்டார் சுத்தல, இல்லன்னா டக் டக் டக்குனு அடிச்சுக்குது

இது தான் எங்க போட்டு. ஒரு தடவை டக்குனு மட்டும் வந்து நின்னுட்டா ஒரு அர்த்தம், விடாம அடிச்சுக்கிட்டா இன்னொரு அர்த்தம். ஒரே டக்குன்னா காயில் நல்லா இழுக்குது, பெரிய கரன்ட் போற பாதையில எங்கயோ அறுந்திருக்கு, 110 ஆம்ப் ஃபியூஸ், சொலினாய்டுக்குள்ள கரிஞ்ச கான்டாக்ட், மோட்டார் கார்பன் பிரஷ் இந்த மூணுல ஒண்ணு. பட்டனை அமுக்கி வெச்சுகிட்டு சொலினாய்டோட உள்ள வர்ற முனையிலயும் வெளிய போற முனையிலயும் லேம்ப் வெச்சு பாருங்க, உள்ள வரலைன்னா ஃபியூஸ், உள்ள வந்து வெளிய போகலைன்னா சொலினாய்டு, மோட்டார் வரைக்கும் வந்தும் சுத்தலைன்னா மோட்டாரோ அதோட எர்த்தோ.

டக் டக் டக்குனு விடாம அடிச்சா அது வோல்ட் பத்தலைன்னு அர்த்தம். சொலினாய்டு இழுக்குது, மோட்டாருக்கு கரன்ட் பாயுது, பாஞ்ச உடனே வோல்ட் விழுந்துடுது, காயிலுக்கு பலம் போய் விட்டுடுது, விட்டதும் வோல்ட் ஏறி திரும்பவும் இழுக்குது, இதே தான் சுத்தி சுத்தி. பேட்டரி படுத்திருந்தா இப்படி ஆகும், பேட்டரி நல்லா இருந்தும் எர்த் கெட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகும். நான் என்ன பண்ணேன்? மீட்டரை வெச்சேன், சொலினாய்டுக்கு உள்ள வர்ற முனை வரைக்கும் 12.4 காட்டுச்சு, சரி சப்ளை இருக்கு சொலினாய்டு தான் போச்சுன்னு முடிவு கட்டி, கடையில இருந்த டிராக்டர் செல்ஃப் சொலினாய்டு ஒண்ணை எடுத்துட்டு வந்து மாட்டினேன். மாட்டினப்பறம் டக் சத்தமும் போச்சு! ஏன்னா அந்த சொலினாய்டுக்கு எர்த் முனை தனியா கிடையாது, அதோட தகடு வண்டி பாடியில உக்காந்து தான் எர்த் எடுக்கும், நான் அதை ஸ்க்ரூ போட்டு முடுக்கினது ஃபைபர் சுவத்துல. பழசு பரவாயில்லன்னு ஆயிருச்சு. அதோட செல்ஃப் சொலினாய்டு அந்த இடத்துக்கு ஏத்த சாமானும் இல்ல, பெட்ரோல் ஆவி தேங்குற இடத்துல பொறி வெளிய வராம அடைச்ச மெரைன் சொலினாய்டு தான் போடணும். அன்னைக்கு சாயந்திரம் கழட்டி வெச்சுட்டு வீட்டுக்கு போனேன்.

தப்பு எங்கன்னா நான் பார்த்த 12.4 பட்டனை அமுக்காம பார்த்தது. பாரம் இல்லாதப்ப ஒத்தை நூல் ஒயர் பிடிச்சுகிட்டு இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். மறுநாள் ஒழுங்கா பண்ணேன், மீட்டர் கறுப்பு முனையை பேட்டரி நெகடிவ் கம்பத்து மேலயே வெச்சு, லக் (ஒயர் நுனியில அடிக்கிற வளையம்) மேல இல்ல கம்பத்து மேல, சிகப்பு முனையை மோட்டாரோட கறுப்பு ஒயர்ல வெச்சு, பையனை பட்டனை அமுக்க சொன்னேன். எர்த் நல்லா இருந்தா 0.2, 0.3க்குள்ள நிக்கணும். 7 வோல்ட் காட்டுச்சு. பேட்டரி குடுக்கிற பன்னெண்டுல ஏழு எர்த் ஒயர்லயே செத்துப்போகுது, மோட்டாருக்கு மிச்சம் என்ன கிடைக்கும். அப்படியே மீட்டர் முனையை ஒவ்வொரு இணைப்பா பேட்டரியை நோக்கி நகத்தினேன், எங்க ஏழு சட்டுனு விழுதோ அங்க தான் கோளாறு. நெகடிவ் கேபிளோட லக்குக்கும் ஒயருக்கும் நடுவுல விழுந்துச்சு. வெளிய பாக்க புதுசு மாதிரி, மேல பளபளன்னு ஸ்லீவ் வேற. ஸ்லீவை பிளேடால கீறி உரிச்சா உள்ள செம்பு நூலெல்லாம் கறுப்பா, விரலால தேய்ச்சா பொடியா உதிருது, நடுவுல பச்சை. யாரோ முன்னாடி சாதாரண வண்டி கேபிளை போட்டுட்டு போயிருக்காங்க, உப்புத்தண்ணி நூலுக்கு நூல் ஏறி ஒரு அடி வரைக்கும் உள்ள போயிருக்கு. கடல்ல ஓடுற போட்டுக்கு ஈயம் பூசின செம்பு நூல் ஒயர் தான் போடணும், விலை கூட, ஆனா இந்த கறுப்பு வராது. நுனியை வெட்டி புது லக் அடிக்கிற யோசனை வேணாம், கறுப்பு இல்லாத செம்பு வர்ற வரைக்கும் வெட்டினா ஒயர் எட்டாது. முழு கேபிளையும் மாத்தி பழைய சொலினாய்டையே திரும்ப மாட்டினேன், ஒரே அமுக்கு, "ர்ர்ர்"னு கால் மேல ஏறிச்சு. மச்சான் ஒரு வார்த்தை பேசல, டீ மட்டும் வாங்கியாந்தான்.

இதே முறைல பாசிட்டிவ் பக்கமும் பாக்கலாம், சிகப்பு முனை பேட்டரி பாசிட்டிவ்ல, கறுப்பு முனை மோட்டாரோட மேல-ஒயர்ல, பட்டனை அமுக்கி பாக்கணும், சொலினாய்டு, ஃபியூஸ் எல்லாம் சேத்து அரை வோல்ட்டுக்கு ரொம்ப மேல போனா நடுவுல தேடுங்க.

கீழ எறங்குது, மேல ஏற மாட்டேங்குது

பட்டன் கிட்ட பொதுவா மூணு இருக்கும், மேல, கீழ, அப்புறம் டிரெய்லர். முதல்ல டிரெய்லர் பட்டனை அமுக்கி பாருங்க. அதுல ஏறி, சாதா மேல பட்டன்ல ஏறலைன்னா வேற எங்கயும் தேட வேணாம், லிமிட் சுவிட்ச் தான். போட்டு ஓடும்போது காலை ரொம்ப தூக்கிட்டா ரெண்டு பக்கம் அணைப்பு போயி யூனிவர்சல் ஜாயின்ட் அடி வாங்கும்னு, மேல-ஒயரை ஒரு அளவுக்கு அப்புறம் வெட்டி விடுறதுக்கு ட்ரைவ் பக்கவாட்டுல ஒரு சின்ன வட்டமான சுவிட்ச் வெச்சிருப்பாங்க. டிரெய்லர் பட்டன் அதை சுத்திக்கிட்டு நேரா சொலினாய்டுக்கு போயிடும். கீழ எறக்குற ஒயரும் அது வழியா போறதில்ல. அந்த சுவிட்ச் எப்பவும் தண்ணிக்குள்ள, கால் ஆடுற ஒவ்வொரு தடவையும் அதோட ஒயர் மடங்கி மடங்கி நிமிருது, எத்தனை வருஷம் தாங்கும். உள்ள அதோட ரெண்டு ஒயரையும் கழட்டி, கால் கீழ இருக்கும்போது மீட்டர்ல கண்டினியூட்டி பாருங்க, இருக்கணும், இல்லைன்னா சுவிட்ச் போச்சு. சோதனைக்கு ரெண்டு ஒயரையும் ஒண்ணா சேத்து மேல ஏத்தி பாக்கலாம், ஆனா அப்படியே முறுக்கி டேப் சுத்தி தண்ணில எறக்கிடாதீங்க, ஓட்டுறவன் தெரியாம முழுசா தூக்கிடுவான்.

எதிர்பக்கத்துலயும் அதே மாதிரி ஒரு வட்டம் இருக்கும், அது கால் எவ்ளோ ஏறியிருக்குன்னு மீட்டர் முள்ளுக்கு சொல்ற சென்சார். முள்ளு ஆடலைன்னா, இல்ல ஒரே பக்கம் சாஞ்சு நின்னா, அது கெட்டிருக்கும். கால் ஏறுறதுக்கும் எறங்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

டிரெய்லர் பட்டன்லயும் ஏறலைன்னா மேல சொலினாய்டு, இல்ல மோட்டாரோட மேல-சுத்து. சொலினாய்டுக்கு போற சின்ன ஒயரையும் வெளிய போற தடி ஒயரையும் கீழ சொலினாய்டோட மாத்தி மாட்டிட்டு மேல பட்டனை அமுக்குங்க. கால் மேல ஏறினா மோட்டார் நல்லா இருக்கு, மேல பக்கத்து சொலினாய்டு தான் போச்சு. காசு செலவில்லாத சோதனை, மறக்காம திருப்பி மாட்டிடுங்க.

இதெல்லாம் மூணு ஒயர் மோட்டாருக்கு. ரெண்டே ஒயர் வர்ற மோட்டாரா இருந்தா, அவுட்போர்டு (இஞ்சினே போட்டுக்கு வெளிய தொங்குற வகை) பவர் டில்ட்ல இது சகஜம், கதையே வேற. அதுல கார் பவர் விண்டோ மாதிரி கரன்ட்டை திருப்பி விட்டு தான் எதிர்ப்பக்கம் சுத்த வைப்பாங்க. சும்மா இருக்கும்போது ரெண்டு ரிலேயும் மோட்டாரோட ரெண்டு ஒயரையும் எர்த்துல வெச்சிருக்கும், மேல அமுக்கினா மேல-ரிலே மட்டும் ஒரு ஒயரை பாசிட்டிவுக்கு மாத்தும், கரன்ட் மோட்டார் வழியா போயி கீழ-ரிலே வழியா தான் எர்த்துக்கு திரும்பும். அதனால மேல ஏறலைன்னா கெட்டது கீழ-ரிலேயா இருக்கலாம்! டக்குனு அடிக்கிற ரிலேயை மாத்தி மாத்தி போட்டு அலுத்துப்போறவங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்கிற அந்த இன்னொரு ரிலேயை பாக்க மாட்டாங்க. பட்டனை அமுக்கும்போது மோட்டாரோட ரெண்டு ஒயர்லயும் 12 காட்டினா திரும்புற பாதை அறுந்திருக்கு, அதாவது அடிக்காத ரிலே.

மேல ஏறுது, கீழ எறங்கல

கீழ பாதையில லிமிட் சுவிட்ச் கிடையாது, அதனால பட்டன், பச்சை-வெள்ளை ஒயர், கீழ சொலினாய்டு, அவ்ளோதான். மோட்டார் எறக்குற பக்கம் சுத்துற சத்தம் வந்தும் கால் நின்னுகிட்டே இருந்தா கரன்ட்டை விட்டுடுங்க, பம்ப் வால்வு பாக்கணும்.

முக்கி முனகி மெதுவா ஏறுது

மேல சொன்ன வோல்ட் சோதனை ரெண்டு பக்கமும் பண்ணுங்க, பாதிக்கு மேல அதுலயே முடிஞ்சுடும். அது சரியா இருந்தா மோட்டாரை கழட்டணும், உள்ள தண்ணி போயிருக்கும், கார்பன் தேஞ்சு கம்யூட்டேட்டர்ல கறுப்பு கோடு விழுந்திருக்கும், புஷ் துரு பிடிச்சு ஆர்மேச்சர் உரசும். எங்களுக்கு இது செல்ஃப் ஓவராலிங் மாதிரி தான். மரக்கைப்பிடியால மோட்டாரை லேசா தட்டினா ஓடுதுன்னா கார்பன் மாட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம், ஆனா ஓங்கி அடிக்காதீங்க, காந்தம் வெச்ச மோட்டாரா இருந்தா காந்தம் விரிசல் விட்டுடும், அப்புறம் மோட்டாரே போச்சு. நாலஞ்சு தடவை தொடர்ந்து ஏத்தி எறக்கி பாத்துட்டு திடீர்னு நின்னா பதறாதீங்க, சிலதுல உள்ள சூடு கட்டவுட் இருக்கும், ஆறவிட்டா திரும்ப ஓடும். நம்ம ஊர் மே மாசத்து தகர ஷெட்ல அது சீக்கிரமே வெட்டும்.

ஃபியூஸ் போட்டா போட்ட உடனே போகுது

ஃபியூஸை மாத்தி மாத்தி போட்டு காசை கரைக்காதீங்க, ஃபியூஸ் இடத்துல ஹெட்லைட் பல்பு ஒண்ணை ரெண்டு ஒயர் வெச்சு மாட்டுங்க, வீட்டு கரன்ட்ல சீரிஸ் லேம்ப் போடுறோமே அதே யோசனை. 20 ஆம்ப் ஃபியூஸ் போகுதுன்னா பல்பு முழுசா எரியும், ஒவ்வொரு கனெக்டரா புடுங்கிட்டே வாங்க, எதை புடுங்கும்போது பல்பு அணையுதோ அந்த கிளையில ஷார்ட். பட்டனை தொடாமலே எரிஞ்சா பட்டனுக்கு வர்ற ஒயர், மேல அமுக்கினா மட்டும் எரிஞ்சா நீலம்-வெள்ளை பக்கம், அதுலயும் முதல்ல வெளிய தண்ணிக்குள்ள இருக்கிற லிமிட் சுவிட்ச் ஒயரை கழட்டி பாருங்க. சொலினாய்டு காயிலுக்கே பல்பு லேசா மினுக்கும், அது ஷார்ட் இல்ல. 110 ஆம்ப் ஃபியூஸ் போனா மோட்டார் இறுகியிருக்கும், இல்ல தடி ஒயர் எங்கயோ இஞ்சின்ல உரசி தோல் போயிருக்கும். கம்பியை வெச்சு முறுக்கி ஃபியூஸுக்கு பதிலா போடுற வேலை நம்ம ஊர்ல சகஜம்னு எனக்கும் தெரியும், பெட்ரோல் டேங்குக்கு பக்கத்துல அதை பண்ணாதீங்க.

பட்டனை விட்டும் நிக்கல, தானா ஓடுது

முதல்ல பேட்டரி நெகடிவை கழட்டுங்க, யோசிக்கிறது அப்புறம். சொலினாய்டு கான்டாக்ட் ஒட்டிக்கிட்டிருக்கும், சின்ன ஒயரை கழட்டினதுக்கு அப்புறமும் பேட்டரி மாட்டினா ஓடுதுன்னா சொலினாய்டு தான், ஓடலைன்னா பட்டன்ல ஈரம் போயி ஷார்ட் ஆகியிருக்கு. ஒட்டின சொலினாய்டை தட்டி விட்டா அப்போதைக்கு விட்டுடும், ஆனா மாத்துங்க, வோல்ட் பத்தாம டக் டக்குனு அடிச்சு அடிச்சு கரிஞ்சது தான் பெரும்பாலும் இப்படி ஒட்டும், அதனால புதுசு போடுறதுக்கு முன்னாடி எர்த்தையும் பாத்துடுங்க.

மோட்டார் ஜோரா ஓடுது, கால் அசையல, இல்ல ஏறினது ராத்திரிக்குள்ள எறங்கிடுது

ரெண்டும் கரன்ட் கோளாறு இல்ல. முதலாவதுக்கு காலை முழுசா கீழ வெச்சு பம்ப்ல ஆயில் பாருங்க, மேல தூக்கி வெச்சு பாத்தா ஆயில் சிலிண்டருக்குள்ள இருக்கும், கம்மின்னு நெனச்சு ஊத்தி வழிய விட்டுடுவீங்க. மெர்க்ரூசர் பம்புக்கு 10டபிள்யூ-30 இஞ்சின் ஆயிலே ஒத்துக்கும். ஆயில் சரியா இருந்தும் மோட்டார் வழக்கத்தை விட லேசா, விர்ருனு ஓடினா மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவுல இருக்கிற இணைப்பு வழுக்குது. ரெண்டாவதுக்கு சிலிண்டர் சீலோ வால்வோ கசியுது, அது ஹைட்ராலிக் ஆள் வேலை.

ரோட்டுல இழுக்கும்போது ஆயில் அழுத்தத்தை மட்டும் நம்பி காலை தொங்க விடக்கூடாது, அதுக்குன்னே தாங்கு கிளிப் இருக்கு. எங்க போட்டுக்கு அது தொலைஞ்சு போயிருந்துச்சு, மச்சான் தேக்கு துண்டு ஒண்ணை அளவா அறுத்து நடுவுல குடுத்து லாரி பெல்ட்டால இறுக்கிட்டான். வாலாஜா தாண்டி காவேரிப்பாக்கத்துல நிறுத்தி எறங்கி பாத்துட்டு போன் பண்ணான், "மாமா, ஒரு இன்ச்சு கூட எறங்கல"ன்னு.